வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய இன்ஜினீயர்!
குத்தம்பாக்கம் இளங்கோ போட்ட கணக்கு

பிள்ளை பட்டம் வாங்கி வந்ததும் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த கம்பெனியில வேலை?’ என்பதுதான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1960-களில் ஆவடியில் டேங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. அதன் பிறகு, ஏர் பிடித்த குடும்பங்களில் படித்தவர்கள் ஷிப்ட்டுக்குப் போனார்கள்; அடுத்த தலைமுறை ஐ.டி கம்பெனிக்குப் போனது. படித்துவிட்டு ஊரோடு தங்கிய பிள்ளை என்றால், ‘வேலை கிடைக்கலை போலிருக்கு’ என்றுதான் பேச்சு.

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தைச் சேர்ந்த இளங்கோ ரங்கசாமிக்கு வேலை கிடைக்காமல் இல்லை. கிண்டி ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் ரசாயனப் பொறியியல் படித்தவர். முதலில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. பிறகு சென்னையில், மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தில் விஞ்ஞானி. அந்த வேலையை 1994-ல் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வந்தார். மனைவி சம்பாதித்து வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அது முடிந்தது. இளங்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். மாதச் சம்பளம் ஒன்று நின்றுபோனால் இன்னொன்று வர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் இப்படி ஒரு முடிவை எடுப்பது லேசான காரியம் இல்லை.

அவர் திரும்பி வந்த ஊர் நல்ல நிலையில் இல்லை. சாதிச் சண்டை, கள்ளச்சாராயம், குடித்துவிட்டு வீட்டில் அடிதடி. ஊரில் பாதிக்கு மேல் தலித் குடும்பங்கள். இளங்கோவும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1996-ல் தேர்தல் நடந்தபோது நின்று, ஊராட்சித் தலைவர் ஆனார். 2001-ல் மறுபடியும் வென்றார்.

கல் வந்தது, பதவி போனது

ஊருக்குச் சாக்கடைக் கால்வாய் தேவைப்பட்டது. கிரானைட் பாலிஷ் போடும் தொழிற்சாலையில் கழிவாகக் கிடந்த கற்களைக் கொண்டுவந்து, ஊர் ஆட்களையே வேலைக்கு வைத்துக் கட்டினார். மதிப்பீட்டில் சொன்னதைவிடச் செலவு பெருமளவு குறைந்தது. பாராட்டு வரும் என்றுதானே நினைப்போம்? விதிப்படி நடக்கவில்லை என்று பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள்! கிராமசபை கூடி, ஊர் ஜனம் அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது.

சமத்துவபுரம் திட்டம் வந்தபோதும் இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் 50 இரட்டை வீடுகள். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சமூகத்துக் குடும்பம். மொத்தம் 100 குடும்பங்கள். இயந்திரத்தில் அழுத்திச் செய்த மண் கற்களை ஊர்க்காரர்களே தயாரித்தார்கள். கூலியும் ஊரிலேயே தங்கியது.

நெல்லோடு வெளியேறும் தவிடு

விவசாயிகள் கவனிக்க வேண்டியது அவருடைய இன்னொரு கணக்கை. குத்தம்பாக்கம் மக்கள் ஒரு மாதத்தில் என்னென்ன வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 60 லட்சம் ரூபாய் வந்தது. அதில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய்க்கான பொருள்களை ஊரிலேயோ பக்கத்து ஊர்களிலேயோ தயாரிக்கலாம் என்பது தெரிந்தது.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோ நெல்லை அரைத்தால் அரிசி 65 கிலோ முதல் 67 கிலோ வரை கிடைக்கும். உமி ஏறக்குறைய 20 கிலோ, தவிடு 5 முதல் 8 கிலோ. களத்திலேயே மூட்டை பிடித்து வியாபாரிக்கு நெல்லைப் போட்டால், அதோடு தவிடும் உமியும் போய்விடும். பிறகு மாட்டுக்குத் தவிடு வாங்கக் கடைக்குப் போகிறோம். அரிசியையும் அங்கேதான் வாங்குகிறோம். நிலக்கடலையை விற்றுவிட்டு எண்ணெய்யும் புண்ணாக்கும் வாங்குவதும் இதே கதைதான். துவரையில் 100 கிலோவுக்கு 70 கிலோவுக்கு மேல் பருப்பு தேறும்; பொட்டும் குருணையும் மாட்டுத் தீவனம்.

ஒரு ஊர் எல்லாவற்றையும் செய்துகொள்ள முடியாது. அதனால் பக்கத்து ஊர்கள் சில சேர்ந்து, ஒன்று அரிசி, ஒன்று பருப்பு, ஒன்று எண்ணெய் என்று பிரித்துச் செய்து, தங்களுக்குள் விற்று வாங்க வேண்டும் என்பது இளங்கோவின் யோசனை. இதற்கு முன்னோடி ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கு வந்தவர் அவர்.

யோசனை நன்றாக இருந்தாலும் நடத்துவது கடினம். சின்ன மில்லில் அரைத்த பருப்பு, பெரிய கம்பெனியின் பாக்கெட் பருப்போடு விலையில் போட்டி போட வேண்டும். பளபளப்பு இல்லை என்றால் உள்ளூர்க்காரரே வாங்கத் தயங்குவார். மெஷின் பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். ஊரிலேயே வாங்குவது என்று எத்தனை வீடுகள் முடிவெடுக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மில் ஓடும்.

2001-ல் அவர் ஊராட்சிகளுக்கான பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். மற்ற ஊர்த் தலைவர்களும் வந்து திட்டம் போடவும் கணக்கு வைக்கவும் கற்றுக்கொண்டார்கள். அதற்கெல்லாம் அடிப்படை கிராமசபை. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு 6 முறை கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் போய் வரவு செலவைக் கேட்கலாம். வீட்டில் பட்டம் வாங்கிய பிள்ளை இருந்தால், அன்று ஒருநாள் அழைத்துப்போய், வாசிக்கிற கணக்கை எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

சென்னை குத்தம்பாக்கத்துக்கே வந்துவிட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அங்கே பெரிய பேருந்து முனையம் கட்டியிருக்கிறார்கள். நிலத்தின் விலை நெல்லின் விலையோடு ஒப்பிட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் இன்னும் நடவு நடக்கிற வயல்களுக்குப் பக்கத்திலேயே மனைக் கற்கள் நிற்கின்றன.