"காத்துக் கருப்பு" என்று மறைக்கப்பட்ட நோயாளிகளைத் தேடி மந்திரிப்பவர் வீட்டுக்கே போன ஆராய்ச்சியாளர்கள்!
3 நாடுகளில் ஒரே பயிற்சி, ஒரே கேள்வித்தாள்

சென்னை:
தனக்குத்தானே பேசுவான், காதில் யாரோ திட்டுவதாகச் சொல்வான், சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுவான். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று வீட்டார் தாயத்து கட்ட ஓடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் வருஷக்கணக்கில் நோய் முற்றிவிடும்.

அதன் பெயர் மனச்சிதைவு நோய். ஆஸ்பத்திரி சீட்டை மட்டும் எண்ணினால் இப்படிப்பட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

ஊர் ஊராக விசாரணை

இந்தக் குறையைப் போக்க 2018-ல் பெரிய கணக்கெடுப்பு தொடங்கியது. காஞ்சீபுரம் வட்டாரம், நைஜீரியாவின் இபாதான், டிரினிடாட் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே முறை. லண்டன் கிங்ஸ் கல்லூரியுடன் கைகோத்தது சென்னை அண்ணா நகரில் உள்ள 'ஸ்கார்ஃப்' நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது இது.

டாக்டர்களோடு நிற்காமல் மந்திரிப்பவர்கள், ஊர் விவரம் தெரிந்தவர்கள் என்று எல்லாரிடமும் விசாரித்தார்கள்.

பயிற்சி எப்படி?

கேள்வி கேட்பவர் ஆளுக்கொரு மாதிரி எடைபோட்டால் கணக்கு கந்தல்தான். சாமி வந்து ஆடுவது வேறு, நோய் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆகவே ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே மதிப்பிடுவார்கள். இருவர் மார்க்கும் ஒத்துப்போகும் வரை பயிற்சி நடக்கும். தமிழாக்கிய கேள்வியை வேறொருவர் மீண்டும் இங்கிலீஷில் எழுதி, அர்த்தம் மாறியதா என்று சரிபார்ப்பார்.

கனடாவுக்கே பாடம்

கற்றது நம்மவர்கள் மட்டும் அல்ல. கனடாவின் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகமும் ஸ்கார்ஃபும் சேர்ந்து, நோய் புதிதாகத் தாக்கிய இளைஞர்களை 2 வருஷம் கவனித்தன. சிகிச்சை இரு ஊரிலும் ஒரே மாதிரி. ஆனால் பேச்சற்று, பிடிப்பற்று முடங்கும் நிலையிலிருந்து மீண்டதில் சென்னைக்காரர்களே முன்னால் நின்றார்கள். டாக்டரிடம் கூடவே வந்த அம்மா, அப்பா, அண்ணன், தம்பி துணையும் இதற்கு ஒரு காரணம் என்று தெரியவந்தது.

அந்தத் துணை சங்கிலியாக மாறினால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடி தீ விபத்து காட்டியது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் கருகினார்கள், பலி 28.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால் காலம் கடத்த வேண்டாம். அரசின் இலவச மனநல ஆலோசனை போன் 14416. இரவு பகல் எப்போதும் பேசலாம்.