ராஜினாமாவோடு மறைந்த தோல்விகள்

2017ஆம் ஆண்டு அட்லஸ் ஏர் என்ற அமெரிக்க சரக்கு விமான நிறுவனத்தில் வேலை கேட்டு ஒரு விமானி விண்ணப்பித்தார். முன்பு சேர்ந்திருந்த இடங்களில் இரண்டை மட்டும் அவர் விண்ணப்பத்தில் எழுதவில்லை. அந்த இரண்டு நிறுவனங்களிலும் பயிற்சியை முடிக்காமலேயே ராஜினாமா செய்துவிட்டு வந்தவர் அவர். விட்டுப்போன பெயர்களை யாரும் கவனிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

2019 பிப்ரவரி 23 அன்று மயாமியிலிருந்து ஹூஸ்டனுக்கு அமேசான் நிறுவனத்தின் சரக்குகளோடு போன போயிங் 767 விமானத்தில் அவர்தான் துணை விமானி. அன்று விமானத்தை ஓட்டியதும் அவரே. ஹூஸ்டனை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, சுமார் 6,000 அடி உயரத்தில், 'கோ அரவுண்ட்' விசை கை பட்டு அழுந்திவிட்டது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறுவதற்கான விசை அது. இன்ஜின்கள் சீறின, மூக்கு சற்று உயர்ந்தது. அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. மீட்டர்களைப் பார்த்திருந்தால், அந்த நிலையை விடுவித்துவிட்டுத் தொடர்ந்து இறங்கியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் மேகம். விமானம் தூக்கும் விசையை இழந்து விழப்போகிறது என்று நினைத்து அவர் மூக்கைக் கீழே தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். கேப்டன் நிலைமையைப் புரிந்துகொண்டு குறுக்கிடுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. விசை அழுந்திய அரை நிமிடத்தில் விமானம் டெக்சாஸின் டிரினிட்டி விரிகுடாவில் விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளோடு, கூடுதல் இருக்கையில் பயணம் செய்த வேறொரு நிறுவனத்தின் விமானியும் இறந்துபோனார்.

விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தத் துணை விமானியின் பழைய பயிற்றுநர்களிடமும் பேசியது. எதிர்பாராத ஒன்று நடந்தால் அவர் பதறிவிடுவார், யோசிக்காமல் கைக்குக் கிடைத்த பொத்தான்களை அழுத்துவார் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் விபத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். விரிகுடாவுக்கு மேலே நடந்தது சிமுலேட்டரில் ஏற்கனவே நடந்து முடிந்த ஒன்று. பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, வேலை கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. மூன்று உயிர்கள் போனதற்கான காரணம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு விமானி விழுந்தால் 'அனுபவம் போதவில்லை' என்று சொல்லிவிடுவது நமக்குப் பழக்கம். இவர் 5,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். மணிக்கணக்கு, ஒருவர் எவ்வளவு காலம் வானத்தில் இருந்தார் என்பதைச் சொல்லும். அலாரம் அடிக்கும்போது அவர் மூளை என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை பயிற்றுநரின் குறிப்புகள் மட்டுமே. அந்தக் குறிப்புகள் ஒரு நிறுவனத்திலிருந்து அடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு போராட்டம் நடந்திருக்கிறது.

1987 நவம்பர் 15. டென்வர் விமான நிலையத்தில் பனிப்பொழிவுக்கு நடுவே கிளம்பிய கான்டினென்டல் விமானம் ஓடுபாதையிலேயே கவிழ்ந்தது. 82 பேரில் 28 பேர் பலி. விமானத்தை மேலே எழுப்பிய 26 வயது துணை விமானி அந்த ரக விமானத்தில் பறந்திருந்தது வெறும் 36 மணி நேரம். முந்தைய வேலை ஒன்றிலிருந்து, தேர்வில் தேறாததால் அவர் நீக்கப்பட்டிருந்தார் என்பது விசாரணையில்தான் வெளியே வந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1994 டிசம்பர் 13 அன்று, வட கரோலினாவின் ராலே-டர்ஹாம் விமான நிலையம் அருகே அமெரிக்கன் ஈகிள் விமானம் ஒன்று விழுந்து 20 பேரில் 15 பேர் இறந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுபோய்விட்டதாகக் கேப்டன் தவறாக நினைத்ததில் தொடங்கியது அந்த விபத்து. முந்தைய நிறுவனம் அவரைத் திறமைக் குறைவுக்காக வேலையை விட்டு நீக்கும் கட்டத்தில் இருந்தது. அதற்குள் அவரே ராஜினாமா செய்துவிட்டார். புதிய நிறுவனத்துக்கு இது எதுவும் தெரியாது. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஒருவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பதற்கு மேல் வாயைத் திறந்தால் வழக்கு வரும் என்று அன்றைக்கு நிறுவனங்கள் பயந்தன.

இதன் பிறகுதான் 1996இல் விமானிகளின் ஆவணங்களைக் கேட்டு வாங்குவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டு ஆவணங்களை முந்தைய நிறுவனம் தர வேண்டும்; தந்ததற்காக அதன்மேல் வழக்குப் போட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஓட்டை இருந்தது. அரசின் உரிமத் தேர்வுகளில் ஒருவர் எத்தனை முறை தோற்றார் என்ற விவரம் அந்த ஆவணங்களில் தானாக வந்து சேராது.

அந்த ஓட்டை வழியாக நடந்தது 2009 பிப்ரவரி 12 விபத்து. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து, உள்ளே இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்ட வேண்டிய கேப்டன், எதிராக இழுத்துப் பிடித்தார். பல தேர்வுகளில் தோற்றவர் அவர். வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரேயொரு தோல்வியைத்தான் குறிப்பிட்டிருந்தார். கோல்கன் நிறுவனத்தில் சேர்ந்த பிறகும் அவர் தேர்வுகளில் தடுமாறினார். அப்படித் தடுமாறுகிறவர்களைத் தனியாகக் கவனித்துத் தேற்றும் முறையான ஏற்பாடு அங்கே இல்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயவில்லை. வாஷிங்டனுக்குப் படையெடுத்து, ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாசலிலும் நின்றார்கள். அதன் பலனாக 2010 ஆகஸ்டில் புதிய சட்டம் கையெழுத்தானது. விமானிகளின் பயிற்சி, தேர்வு, வேலை விவரங்கள் அத்தனையும் ஒரே மின்னணுத் தொகுப்பில் இருக்க வேண்டும், வேலைக்கு எடுக்கும் முன் நிறுவனம் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றது சட்டம். தொகுப்பை உருவாக்கும் பொறுப்பு எஃப்.ஏ.ஏ. என்ற அரசு நிர்வாகத்துக்கு. காலக்கெடு வந்தது, போனது. 2017இல் அட்லஸ் ஏர் தனது விண்ணப்பதாரரைப் பரிசீலித்தபோதும் முழுமையான தொகுப்பு தயாராகவில்லை. காலத்தோடு வந்திருந்தால் அந்த இரண்டு பெயர்களும் திரையில் தெரிந்திருக்கும் என்று பாதுகாப்பு வாரியம் 2020இல் எழுதியது. எஃப்.ஏ.ஏ.வின் தாமதத்தை விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாகவே சேர்த்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே அதிகம் கோபம் வருவது இங்கேதான். ஐம்பது பேரைப் பறிகொடுத்த குடும்பங்கள் வாதாடி வாங்கிக் கொடுத்த சட்டம் அது.

தேர்வில் தோற்ற விமானியை வில்லனாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நல்ல விமானிகளும் எப்போதாவது ஒரு தேர்வில் தோற்பார்கள். ஒரு தோல்வி ஒன்றையும் நிரூபிக்காது. ஒரே வகைத் தோல்வி, வேறு வேறு விமானங்களில், வேறு வேறு பயிற்றுநர்களின் முன்னால், திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாம் முறை தேறியவருக்கும் முதல் முறை தேறியவருக்கும் கிடைப்பது ஒரே உரிமம். ஒவ்வொரு முறையும் 'கூடுதல் பயிற்சிக்குப் பின் தேர்ச்சி' என்று எழுதி மூடிவிட்டால், தொடர்ச்சி யார் கண்ணிலும் படாது. அட்லஸ் ஏரிலும் அதுவே நடந்தது. அந்தத் துணை விமானி 767க்கான தகுதித் தேர்வில் முதலில் தோற்றார். மேலும் பயிற்சி கொடுத்தார்கள், தேறினார், பறக்க அனுப்பினார்கள்.

நிறுவனம் கண்டிப்பாக நடந்துகொள்ள வேண்டிய நேரம், தேர்வு முடிவு வந்த அன்றைக்கே. தோற்றவரை உடனே பறப்பதிலிருந்து நிறுத்த வேண்டும். எங்கே தவறினார் என்று பார்த்து அதற்கான பயிற்சி கொடுத்து, முதலில் சோதித்தவர் அல்லாத வேறொருவரை வைத்துச் சோதிக்க வேண்டும். தேறினால் பிறகும் வழக்கத்தைவிட அடிக்கடி கவனிக்க வேண்டும். 2003இல் மெம்பிஸ் நகரில் ஃபெடெக்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது எரிந்துபோன விபத்துக்குப் பிறகே, தடுமாறும் விமானிகளுக்கென்று இப்படியொரு தனி ஏற்பாடு வேண்டும் என்று வாரியம் கேட்டுவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால், இந்த வேலை உங்களுக்கானது அல்ல என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். சொல்வது கொடுமை இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்த ஒரு மனிதரை ஆறு நிறுவனங்கள் வழியாக அலையவிட்டு, கடைசியில் அவரையும் சாகவிடுவதுதான் கொடுமை.

ஆனால் நடைமுறையில் இரு தரப்புக்கும் வசதியானது ராஜினாமா. விமானியின் பெயர் கெடவில்லை, நிறுவனத்துக்கு வழக்கு இல்லை, தொழிற்சங்கத்தோடு சண்டை இல்லை. அடுத்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறப்போகும் பயணிக்கு அப்படியொரு ராஜினாமா நடந்ததே தெரியாது.

இன்னொரு தவறான சமாதானமும் உண்டு. அட்லஸ் ஏருக்கு வருவதற்குச் சற்று முன் அந்த விமானி, தன் பழைய நிறுவனத்தில் கேப்டனாக உயரும் பயிற்சியில் தேறவில்லை. துணை விமானியாகவே திருப்பி அனுப்பினார்கள். இடது இருக்கைக்குத் தகுதி இல்லை, வலது இருக்கைக்குப் போதும் என்ற கணக்கு. ஆனால் பயணங்களில் ஏறக்குறைய பாதியை வலது இருக்கையில் இருப்பவர்தான் ஓட்டுகிறார். கேப்டன் மயங்கி விழுந்தால் முழுப் பொறுப்பும் அவர் தலையில். நெருக்கடியில் பதறுகிறவருக்கு எந்த இருக்கையும் பாதுகாப்பான இருக்கை அல்ல.

இந்தக் கேப்டன் பயிற்சித் தோல்வி ஆவணத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அட்லஸ் ஏர் அந்தத் தோல்வியை எடைபோடவே இல்லை. பழைய ஆவணங்களை வாங்கிப் பார்த்துப் பிரச்சினை இருந்தால் சொல்லும் வேலையை வெளி முகவர்களிடம் விட்டிருந்தார்கள். மனிதவளத் துறையும் அவர்களையே நம்பியிருந்தது. தாளைப் படித்தவர்களுக்கு அதன் பொருள் புரியவில்லை. பொருள் புரிந்திருக்கக்கூடிய மூத்த விமானிகள் தாளைப் பார்க்கவில்லை.

புதிய தொகுப்புக்கான விதிகள் கடைசியில் 2021இல் வெளிவந்தன. 2024 செப்டம்பரில் பழைய முறை முழுவதும் முடிவுக்கு வந்தது. ஒரு விமானியின் பதிவு அவர் இறக்கும்வரை, அல்லது 99 வயதுவரை, அதில் இருக்கும். விமானியின் சம்மதம் இல்லாமல் நிறுவனம் அதைத் திறக்க முடியாது. விமானி தன் பதிவைத் தானே பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். பழிவாங்கும் மேலாளர்களும் உண்டு என்பதால் இந்த உரிமை மிக அவசியம்.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2011இல் கோவாவில் ஒரு விமானம் முன்சக்கரம் முதலில் படும்படி இறங்கியதை விசாரிக்கப் போய், போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிக்கினார்கள். அது மோசடி, கண்டுபிடித்தால் கைது செய்யலாம். உண்மையான உரிமத்தோடு, உண்மையாகவே திணறிக்கொண்டிருக்கும் விமானியைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ ஒரே நாளில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்ட ஆயிரக்கணக்கான விமானிகள் வேண்டும். ஆள் தேவை அதிகமாகும்போது, சிமுலேட்டர் அறையில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர்மேல்தான் முதல் அழுத்தம் விழும். மாதத்துக்கு எத்தனை பேரைத் தேற்றினார் என்று அவரைக் கணக்குக் கேட்பார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தணிக்கைக்குப் போகும்போது தேர்ச்சிப் பட்டியலை மட்டும் வாங்கி வரக் கூடாது. 'இவர் இன்னும் தயாரில்லை' என்று அந்த ஆண்டு எத்தனை பயிற்றுநர்கள் எழுதினார்கள், எழுதிய பிறகு அந்த விமானிக்கும் அந்தப் பயிற்றுநருக்கும் என்ன நடந்தது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.