கடல் தாண்டும் மோட்டார் சைக்கிள்

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். இரும்புக் கண்டெய்னர்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். சில வெளிவட்டச் சாலையில் திரும்பி, ஆவடிப் பக்கமாக மீஞ்சூரை நோக்கிச் செல்லும். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கும் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

சிலவற்றில் மோட்டார் சைக்கிள்கள் இருக்கலாம். திருவொற்றியூரில் 1956-இல் திறக்கப்பட்ட புல்லட் தொழிற்சாலை 1977-லேயே பிரிட்டனுக்கு வண்டிகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டது. அதே ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துக்கு 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. ஆகவே, நம் ஊர் மோட்டார் சைக்கிள் கப்பலேறுவது புதிய செய்தி அல்ல.

ஆனால் அவையெல்லாம் விற்பனைக்காகப் போகும் வண்டிகள். ஒரே ஒருவர், தாம் ஓட்டும் பழைய வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஓட்டிவிட்டுத் திரும்பவும் கொண்டுவர விரும்பினால்?

ஆவடியில் உங்கள் மாமா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பல ஆண்டுகள் பணம் சேர்த்திருக்கிறார். தம் புல்லட்டில் மலேசியாவைச் சுற்றிப் பார்த்து, பிறகு ஆஸ்திரேலியாவையும் குறுக்காகக் கடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு நாம் என்ன சொல்லலாம்?

வழி இல்லாத வழி

"மணிப்பூர் வரை ஓட்டிக்கொண்டு போய், மோரேயில் எல்லையைத் தாண்டினால் மியான்மர். அப்புறம் தாய்லாந்து, மலேசியா. எல்லாம் தரை வழிதானே?" என்பார் மாமா. வரைபடத்தில் அது உண்மைதான். ஆனால் பல்லாண்டுக் காலம் பர்மா என்ற அந்த நாடு வெளிநாட்டு வண்டிகளைத் தன் சாலைகளில் விடவில்லை. பின்னர் சில ஆண்டுகள் சிறப்பு அனுமதி பெற்றுச் சிலர் சென்றனர். 2021-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த வழியை நம்பிப் புறப்பட முடியாத நிலை வந்தது. எப்படியும் ஆஸ்திரேலியாவுக்குச் சாலை கிடையாது!

உலகைச் சுற்றும் எவருக்கும் இந்தத் தடை வரும். 1973-இல் லண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட டெட் சைமன் என்ற எழுத்தாளர், நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். இந்தியாவுக்கும் வந்தார். அவர்கூட ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குத் தம் வண்டியைக் கப்பலில்தான் கொண்டுபோனார்.

நம் தாத்தாக்கள் காலத்தில் சென்னையிலிருந்தே பயணிகள் கப்பல் இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' ஏறக்குறைய அரை நூற்றாண்டு நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று வந்தது. அதன் பிறகு அந்தப் பாதையில் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் பயணிகள் சேவையும் அத்துடன் முடிந்தது.

ஆகவே இன்று மாமா தனியாகவும், வண்டி தனியாகவும் கடல் தாண்ட வேண்டும். மாமா விமானத்தில் பயணி. வண்டியோ சரக்கு. அது கண்டெய்னரில் கப்பலேறலாம். அல்லது மீனம்பாக்கத்தில் சரக்கு விமானம் ஏறலாம். இரண்டிலுமே வண்டிக்குப் பெரிய தொல்லை தருவது அலையும் அல்ல, தூரமும் அல்ல. காற்று! எப்படி என்று பார்ப்போமா?

காற்றுக்கும் கட்டணம்

விமானத்தில் சரக்குக்கு எடை பார்த்துத்தான் கட்டணம் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. ஒரு விமானம் முழுக்கப் பஞ்சு மூட்டைகளை ஏற்றினால் எடை கொஞ்சம்தான். ஆனால் இடம் நிறைந்துவிடும். எடைக்கு மட்டும் பணம் வாங்கினால் விமானக் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 6000-ஆல் வகுக்க வேண்டும். வரும் விடை 'கன அளவு எடை'. இதுவும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குக் கட்டணம்.

மாமாவின் வண்டி 195 கிலோ, மரப்பெட்டி 55 கிலோ. மொத்தம் 250 கிலோ என்று கொள்வோம். வண்டியை அப்படியே நிறுத்திப் பெட்டி செய்தால் 230 செ.மீ. நீளம், 95 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம் வேண்டும்.

230 × 95 × 125 ÷ 6000 = 455 கிலோ

250 கிலோ பெட்டிக்கு 455 கிலோவுக்கான பணம்! மீதி 205 கிலோ எதற்கு? பெட்டிக்குள் வண்டியைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு.

இப்போது முன்சக்கரத்தையும், ஹாண்டில்பாரையும், கண்ணாடிகளையும் கழற்றி வண்டியின் பக்கவாட்டில் வைத்துக் கட்டுவோம். பெட்டி 200 × 75 × 105 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. கணக்குப் போட்டால் 262.5 கிலோ. ஒரு ஸ்பேனரும் ஒரு மணி நேர வேலையும் 190 கிலோவுக்கு மேல் மிச்சப்படுத்திவிட்டன! பட்டறையில் வேலை செய்யும் மாமாவுக்கு இது கைவந்த கலை.

மற்றவர்களின் சரக்கோடு சேர்த்துக் கண்டெய்னரில் அனுப்பினாலும் இதே தத்துவம்தான். அங்கே 1 கனமீட்டர் அல்லது 1 டன், எது அதிகமோ அதற்குக் கட்டணம். மோட்டார் சைக்கிள் எப்போதும் இடத்துக்குத்தான் பணம் கட்டும்.

காலி டாங்க்கில் என்ன இருக்கிறது?

விமானச் சரக்கு விதிகளில் மோட்டார் சைக்கிள் 'ஆபத்தான சரக்கு' பட்டியலில் இடம் பெறுகிறது. அதன் எண் 3166. காரணம் பெட்ரோல்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் சுமார் 1.4 சதவீதம் ஆவி இருந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 180 லிட்டர் ஆவி கிடைக்கும். அது 12,000 லிட்டருக்கும் அதிகமான காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்றக்கூடும். ஒரு சிறிய அறையிலுள்ள காற்று முழுவதும் அவ்வளவுதான்! இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பரவும்.

விமானம் உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் எளிதில் ஆவியாகும். ஆகவே டாங்க்கை இயன்றவரை வடித்துவிட வேண்டும், எஞ்சியது கால் டாங்க்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பல நிறுவனங்கள் முழுக்கவே வடிக்கச் சொல்கின்றன. பேட்டரியின் வயர்களைக் கழற்றி, முனைகளை நாடாவால் மூடவும் சொல்வார்கள். தீப்பொறிக்கு வழி இருக்கக்கூடாது அல்லவா? (நீங்கள் இதைச் செய்து பார்க்க முயல வேண்டாம். பெட்ரோலை வடிப்பது திறந்த வெளியில் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.)

"உயரே போனால் டயர் வெடித்துவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தரையில் வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 14.7 பவுண்டு. விமானத்தின் சரக்கு அறை, பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் அதிகம் குறையாமல் காக்கப்படுவதால் அங்கே சுமார் 11 பவுண்டு இருக்கும். வித்தியாசம் நான்கு பவுண்டுக்கும் குறைவு. 30 பவுண்டு அடித்த டயர், 34 பவுண்டு அடித்தது போல் இருக்கும். அவ்வளவுதான். வெடிக்காது.

கண்டெய்னருக்குள் மழை

விமானத்தில் சில மணி நேரத்தில் முடியும் பயணம், கப்பலில் வாரக்கணக்கில் ஆகலாம். கப்பல் ஓடும் நாள்களைவிட, சரக்குச் சேரவும் துறைமுகத்தில் இறங்கவும் காத்திருக்கும் நாள்கள் அதிகம். அத்தனை நாளும் வண்டி ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். பூட்டிய பெட்டிக்குள் மழை பெய்யும் என்றால் நம்புவீர்களா?

ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறம் வேர்த்துவிடும். அது டம்ளரிலிருந்து கசிந்த நீர் அல்ல. காற்றிலிருந்து வந்த நீர். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் முடியாது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான்.

20 அடிக் கண்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கனமீட்டர். பகலில் ஈரம் நிறைந்து 30 டிகிரியில் இருந்த காற்று இரவில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், 400 கிராமுக்கு மேல் நீர் வெளிப்பட வேண்டும். அது குளிர்ந்த இரும்புக் கூரையில் படிந்து, சொட்டுச் சொட்டாக வண்டியின் மேல் விழும். பெட்டியின் மரமும் தன் ஈரத்தைக் கக்கும். அடுத்த நாளும் இதே கதை.

விளைவு, துரு. இதைத் தடுக்க மாமா என்ன செய்யலாம்? வண்டியைக் கழுவி நன்றாகக் காய வைக்கலாம். குரோமியப் பூச்சுள்ள பாகங்களிலும் செயினிலும் கிரீஸ் தடவலாம். எண்ணெய்ப் படலம் இரும்பை நீரும் ஆக்சிஜனும் தொடாமல் காக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டிக்குள் போடலாம்.

டிக்கெட் வாங்காத பயணிகள்

பெட்டி செய்யப் பழைய பலகைகள் போதாதா? போதாது. மரத்துக்குள் வண்டின் புழு ஒளிந்திருக்கலாம். சீனாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரத்தில் வந்த ஒருவகை நீள்கொம்பு வண்டு, 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்க அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று.

இதனால் 2002-இல் ஒரு சர்வதேச விதி வந்தது. பெட்டி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் ஏறி, 30 நிமிடம் நீடிக்க வேண்டும். அப்படிச் சூடாக்கிய மரத்தில் கதிர்ச் சின்னம் உள்ள முத்திரை குத்துவார்கள். பிளைவுட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. செய்யும்போதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதிலுள்ள பூச்சிகள் மடிந்துவிடுகின்றன.

வண்டியின் சக்கரத்தில் ஒட்டிய சேறும் இப்படித்தான். அதில் விதைகளும் பூச்சி முட்டைகளும் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் இறங்கும் வண்டியின் மட்கார்டு இடுக்குவரை அதிகாரிகள் பார்ப்பார்கள். மண் இருந்தால் மீண்டும் கழுவ வேண்டும், செலவு வண்டிக்காரருடையது. ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தால் ஆவடியிலேயே வேலையை முடித்துவிடலாம்.

வண்டிக்கும் பாஸ்போர்ட்

வெளிநாட்டுக்குள் வரும் வண்டிக்குச் சுங்கவரி உண்டு. "விற்க வரவில்லை, திரும்ப எடுத்துப் போய்விடுவேன்" என்று வாயால் சொன்னால் போதுமா? அதற்காகவே 'கார்னே' என்ற ஏடு இருக்கிறது. ஆட்டோமொபைல் சங்கத்திடம் வங்கி உத்தரவாதமோ முன்பணமோ கட்டி இதைப் பெற வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

இதன் ஒவ்வோர் இதழிலும் மூன்று பகுதிகள். நாட்டுக்குள் நுழையும்போது ஒரு பகுதியைச் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொரு பகுதி. அடிக்கட்டை இரண்டு முத்திரைகளோடு நம்மிடம் இருக்கும். வண்டி வந்ததற்கும் போனதற்கும் அதுவே சாட்சி. வெளியேறும் முத்திரையை மறந்தால், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். பல ஆண்டுச் சேமிப்பு ஒரு முத்திரையில் போய்விடலாம்! ஆகவே ஊர் திரும்பும் அவசரத்திலும் மாமா அந்த ஒரு நிமிடத்தை மறக்கக்கூடாது.

மாமா எதைத் தேர்ந்தெடுப்பார்? கப்பல் கட்டணம் குறைவு. ஆனால் துறைமுகக் கட்டணம், கிளியரிங் ஏஜெண்ட் கூலி, வண்டிக்காகக் காத்திருக்கும் நாள்களின் சாப்பாடு, தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகே முடிவு செய்ய வேண்டும். லீவு குறைவாக உள்ளவருக்கு விமானமே லாபமாகிவிடக்கூடும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வீட்டிலுள்ள சைக்கிளின் நீளம், அகலம், உயரத்தை டேப்பால் அளந்து 6000 கணக்கைப் போடுங்கள். கடையில் கேட்டு அதன் உண்மையான எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு எந்தெந்தப் பாகத்தைக் கழற்றினால் பெட்டி எவ்வளவு சுருங்கும் என்று யோசியுங்கள். என்றாவது ஒருநாள் உங்கள் வண்டியும் கடல் தாண்டலாம். அன்று காற்றுக்கு அதிகமாகக் காசு கொடுக்க மாட்டீர்கள்!