நாய்க்குட்டி ஏன் லொறியில் ஏறேல்லை?

அச்சுவேலிக்குப் பக்கத்து ஊர்களான வயாவிளான், பலாலி மக்கள் 1990இல் போரால் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2015க்குப் பிறகு அவற்றில் ஒரு பகுதி கட்டம் கட்டமாக விடுபட்டபோது, பற்றை வெட்டி, கிணறு இறைத்துக் குடியேறியவர்களுக்கு அது ஊர் திரும்பல். கூடவே வந்த நாலு வயதுப் பிள்ளைக்கோ அது ஊரை விட்டுப் போதல். அது பிறந்து வளர்ந்தது முகாமில், இல்லாவிட்டால் வாடகை வீட்டில். பழகிய நாயும் விளையாட்டுக் கூட்டாளிகளும் அங்கேதான். தாய் தகப்பன் மண்ணைத் தொட்டுக் கும்பிடும்போது பிள்ளை ஏன் சிணுங்குகிறது என்று ஒருவருக்கும் விளங்குவதில்லை.

பிள்ளை கலங்க இவ்வளவு பெரிய மாற்றம்தான் வேண்டுமென்றில்லை. தம்பி பிறப்பான், அப்பா கட்டாருக்குப் போவார். தரம் ஒன்றுக் கால்கோள் விழாவில் மாலை போட்டு வரவேற்றாலும் தாயின் கையை விடாத பிள்ளைகள் உண்டு. வரப்போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பெரியவர்களுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. பிள்ளைக்கு அது இல்லை. மடியில் வைத்து வாசிக்கும் படப்புத்தகம் உதவுவது இங்கேதான்.

கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஓபினும், கதை வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கருவி வைத்துப் பதிந்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நாலு வயதுக்காரரின் கண் ஏறக்குறைய முழுநேரமும் படத்திலேயே நின்றது. எழுத்தின் பக்கம் போகவேயில்லை எனலாம். ஆக, ஒரே பக்கத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிக்கிறார்கள்.

வீடு மாறும் குடும்பம் ஒன்றின் கதை என்று வையுங்கள். லொறியில் கட்டில், அலுமாரி, சைக்கிள். “எல்லாரும் லொறியில் ஏறினார்கள்” என்று அம்மம்மா வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறார். பேரனின் விரல் படத்தின் மூலையில் நிற்கிறது.

“நாய்க்குட்டி ஏறேல்லை.”

“ஓமடா, ஏன் ஏறேல்லை?”

“அதுக்குப் பயம்.”

தனக்குப் பயம் என்று அவன் சொல்லியிருக்கமாட்டான். நாய்க்குட்டியைச் சாட்டிச் சொல்லிவிட்டான். கலிபோர்னியாவில் மத்தியூ லீபர்மன் குழு வளர்ந்தவர்களிடம் செய்து 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், பயந்த முகம், கோபமான முகம் இவற்றைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோது, அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலாவின் துடிப்புத் தணிந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெயர் சொல்லப்படாத பயத்தோடு மல்லுக்கட்டுவது எந்த வயதிலும் கடினம்.

அம்மம்மா நிறுத்திக் கேட்டாரே, அதிலும் விஷயம் இருக்கிறது. 1988இல் வெளிவந்த ஆய்வொன்றில் குரோவர் வைட்ஹர்ஸ்ட், இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார். இரு சாராரும் வாசித்தது ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு சாரார் மட்டும் இடையிடையே கேள்வி கேட்டு, பிள்ளையின் பதிலை நீட்டிச் சொல்லப் பழக்கப்பட்டார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைத் தாண்டிவிட்டது. பயத்தைச் சொல்லவும் பேச்சு வேண்டுமே.

பிள்ளை அதே புத்தகத்தை நாளைக்கும் கொண்டுவரும். “நேற்றும் இதுதானே வாசிச்சது” என்று அலுத்துக்கொள்ளவேண்டாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், வேறு வேறு கதை கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் 2011இல் காட்டினார். வீட்டில் எல்லாம் தலைகீழாகும் நேரத்தில், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பதும் ஒரு பிடிமானம்தான்.

எந்தக் கதை? டொரொன்டோவில் ஆய்வாளர்கள் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை வாசித்தார்கள். மனிதப் பாத்திரங்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் பிறகு கூடுதலாகப் பகிர்ந்தார்கள். சட்டை போட்டு மனிதராக நடிக்கும் ரக்கூன் கதைக்கு அந்தப் பலன் இல்லை. முயலும் கரடியும் விற்கும் பதிப்பாளர்களுக்கு இது கசக்கும். வேலியும் கிணற்றடியும் தன்னைப்போல ஒரு பிள்ளையும் உள்ள புத்தகம் இங்கே கூடுதலாக உதவும் என்றே நினைக்கிறேன்.

இப்படியான கதைக்கு நமது தீவிலேயே நல்ல உதாரணம் உண்டு. சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் வரைந்து எழுதிய குடைக் கள்ளன் கதையில், வாழையிலையையும் சாக்கையும் தலையில் பிடித்து மழைக்குத் தப்பிய ஊருக்குள் முதல்முதலாகக் குடை வருகிறது. ரூம் டு ரீட் நிறுவனமும் 2005 முதல் இலங்கையில் இயங்கி, தமிழிலும் சிறுவர் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது.

தோதான புத்தகம் கிடைக்காவிட்டால் ஒரு கொப்பி போதும். அப்பா கட்டாருக்குப் போகிறார் என்றால்: சூட்கேஸ், கட்டுநாயக்கா விமான நிலையம், அப்பா படுக்கப்போகும் அறை, போனில் தெரியும் அவர் முகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. கோணல் மாணலாக வரைந்தாலும் பிள்ளை குறை சொல்லாது. ஆனால் அவர் வரும் திகதி நிச்சயமாகத் தெரியாதவரை, அப்பா திரும்பி வரும் பக்கத்தைத் திகதி போட்டு வரையாதீர்கள். பிள்ளை அந்தப் பக்கத்தைத்தான் ஒவ்வொரு இரவும் விரித்துவைத்துக் கேட்கும்.