சாவி யார் கையில்?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது குறித்து நாமெல்லோரும் பெருமிதம் கொண்டோம். அதே மலைக்கோட்டையின் அடிவாரத்து வீடுகளில் இப்போது வேறொரு பூட்டு நுழைந்திருக்கிறது. சென்னை, பெங்களூர் கம்பெனிகளில் சம்பளம் பெற்று, நாகல்நகரிலும் சின்னாளபட்டியிலும் வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கும் வாலிபர்களின் லாப்டாப்பில் 'வி.பி.என்.' என்றொன்று வைக்கப்படுகிறது. காலையில் அதை இணைத்தாலன்றி வேலை தொடங்காது. எதற்கு என்று கேட்டால், "பத்திரத்துக்காக" என்பார்கள். யாருடைய பத்திரம் என்பதே நமது கேள்வி.

இண்டர்நெட்டில் செல்லும் ஒவ்வொரு செய்தியின் மீதும் அனுப்பியவரின் விலாசம் உண்டு. அதுவே ஐ.பி. விலாசம், வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பவர் அதைத் தருகிறார். வி.பி.என். இணைந்ததும், செய்திகள் முத்திரையிட்ட உறைக்குள் புகுந்து, முதலில் கம்பெனியின் வாயிலுக்குப் போகின்றன. அங்கே உறை பிரிக்கப்பட்டு, கம்பெனியின் விலாசத்தோடு வெளியேறுகின்றன. ஆகவே நாகல்நகரில் அமர்ந்து பத்திரிகை படிப்பவரை, அப்பத்திரிகையின் கம்ப்யூட்டர் பெங்களூர்வாசியென்றே கருதும். பாங்கிக் கணக்கைத் திறக்கையில் 'நீர் யார்?' என்று மறுமுறை கேட்கப்படுவதும் சில சமயம் இதனாலேயே.

இணைப்புக் கொடுத்தவருக்கு, உறை எங்கே போகிறது, எவ்வளவு கனம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. கம்பெனிக்கோ, ஊழியர் எந்தெந்தத் தளத்துக்குப் போனார் என்பது தெரியும். இரகசிய எழுத்தில் செல்லும் பக்கங்களின் உள்விஷயம் சாதாரணமாக அதற்கும் புலப்படாது. ஆனால் தன் சொந்த அத்தாட்சியை லாப்டாப்பில் பதித்து வைத்திருக்கும் கம்பெனி அதையும் படிக்க இயலும். சில கம்பெனிகள் ஆபீஸ் காரியத்தை மட்டும் இவ்வழியே இழுத்து, மற்றதை வீட்டு வழியே விட்டுவிடுகின்றன. இது நியாயமான ஏற்பாடு. தம் லாப்டாப்பில் எது நடக்கிறதென்று ஊழியரில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? (அதே வீட்டிலுள்ள சொந்தக் கைப்பேசியை இந்த வி.பி.என். தொடுவதில்லை என்பது ஒரு ஆறுதல்.)

கம்பெனி தன் வியாபார ரகசியத்தைக் காப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பிறர் கடிதத்தில் கண் வைப்பது என்னவென்று நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்த பாரதியாரின் தபாலைப் பிரிட்டிஷ் போலீஸார் கண்காணித்தனர். 1898-ம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டத்தின் 26-வது பிரிவு தபாலை இடைமறிக்க சர்க்காருக்கு அதிகாரமளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தனர்.

2022 ஏப்ரல் 28-ல் மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் பந்தோபஸ்து இலாகாவான 'செர்ட்-இன்' ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். விற்போர் சந்தாதாரரின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமாம். அந்நியக் கம்பெனிகள் சில, தம் கம்ப்யூட்டர்களை இந்தியாவிலிருந்தே அகற்றிக்கொண்டன. கம்பெனிகள் தம் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு இந்த விதி பொருந்தாதென்று பின்னர் விளக்கம் வந்தது. சந்தாதாரரைப் பற்றி இவ்வளவு விசாரம் கொண்ட உத்தரவில், ஊழியரின் அந்தரங்கத்தைப் பற்றி ஒரு சொல்லையும் காணோம்.

எந்தப் போக்குவரத்து தன் வாயில் வழியே போகிறது, எதைக் குறித்து வைக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் நியமன உத்தரவிலேயே, தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊழியர் சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும்.