பதினொரு நிமிடம்

சென்ற விடுமுறையில் என் பேரனுடன் அமர்ந்து, 1978-இல் வெளிவந்த ‘கேம் ஆஃப் டெத்’ என்னும் படத்தைக் கண்டேன். புரூஸ் லீயின் படம் என்றே அதை விளம்பரப்படுத்தியிருந்தனர். சற்று நேரத்தில் சிறுவன், “தாத்தா, இவர் ஏன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை?” என்று வினவினான்.

விளக்குதல் ஆசிரியன் கடமையன்றோ? லீ 1972-இல் ஹாங்காங்கில் இப்படத்தைத் தொடங்கினார். ‘என்டர் தி டிராகன்’ படத்துக்காக இடையில் நிறுத்தினார். 1973 ஜூலை 20-ஆம் நாள், 32 வயதில் காலமானார். பின்னர் அந்த ‘டிராகன்’ படத்தின் இயக்குநர் ராபர்ட் கிளவுஸ், புதிய கதை அமைத்து, வேறு நடிகர்களைக் கொண்டு இதை நிறைவு செய்தார். லீ நடித்த சண்டையில் ஏறத்தாழ 11 நிமிடமே இறுதியில் இடம்பெற்றது. அவருடைய உண்மையான இறுதிச் சடங்கின் காட்சியும் கதையில் புகுத்தப்பட்டது. மறைந்தவர் மறுப்புரைக்க இயலாதே!

அவர் எண்ணிய கதை வேறு. ஒரு பகோடாவின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு வல்லுநர் காத்திருப்பார். ஒரே முறையைப் பற்றி நிற்பவன் தோற்பான். சூழலுக்கேற்ப மாறுபவன் வெல்வான். அந்தப் பாடம் பின்தங்கியது, முகமே விலைபோயிற்று.

“அப்படியானால் நம்மை ஏமாற்றிவிட்டார்களா?” என்றான்.

“பெரும்பகுதியில், ஆம். ஆயினும் அந்த 11 நிமிடம் மெய். 7 அடி 2 அங்குல உயரமுள்ள கரீம் அப்துல்-ஜப்பாரை அவர் எதிர்கொள்வதைப் பார்” என்றேன்.

பார்த்தான். பிறகு, “இதை மட்டும் இன்னொரு முறை” என்றான். விளம்பரத்தையும் பொருளையும் பிரித்தறியும் பாடத்தில் அவன் தேறிவிட்டான் என்று மகிழ்ந்தேன்.