பால்மாவும் ஆராய்ச்சியாளர் கடமையும்

நம் சங்கத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் நண்பர்கள் அறிவார்கள்: 'ஆராய்ச்சி, வெளியீட்டு நெறி' என்று நமக்கு ஒரு பாடம் உண்டு. பல்கலைக் கழக மானியக் குழு 2019 டிசம்பரில் அதைக் கட்டாயமாக்கியது. 30 மணி நேரம், 6 பகுதிகள். பிறர் எழுத்தைத் திருடாதே, கிடைக்காத அளவைக் கிடைத்ததாக எழுதாதே, உழைக்காதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்காதே என்று அது கற்பிக்கின்றது. நல்ல பாடம்தான். ஆயினும் ஒரு கேள்விக்கு எனக்கு அதில் விடை கிட்டவில்லை. களவும் பொய்யும் இன்றி ஒருவன் கண்ட பொருள், ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறிய பின் என்ன ஆகின்றது? அதற்கும் அவன் பொறுப்பாளியா?

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மைசூரின் செலுவாம்பா மாளிகையில், 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். அந்நாளில் குழந்தைகளுக்கான பால்மாவு கப்பலேறி வந்தது. அந்நியச் செலாவணியோ அரிது. நம்மிடம் மிகுதியாக இருந்தது எருமைப்பால். அதில் கொழுப்பு அதிகம். பச்சிளங் குழந்தையின் வயிற்றில் கெட்டியாகத் திரளும். மைசூர் விஞ்ஞானிகள் கொழுப்பைக் குறைத்து, திரளும் தன்மையைத் தணித்து, வழி கண்டனர். குஜராத்தில் ஆனந்த் நகரக் கூட்டுறவுச் சங்கம் அம்முறையில் குழந்தை உணவு செய்தது. தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்கு அது உயிர்மருந்து என்பதில் ஐயமில்லை.

ஆனால் பால்மாவு எதுவாயினும், அதற்குக் கொதித்தாறிய நீர் வேண்டும், தூய புட்டி வேண்டும், சரியான அளவு வேண்டும். தர்மபுரிப் பக்கத்தில் என் அத்தைக்கு இம்மூன்றும் இல்லை. எந்த நிறுவனத்து மாவோ, அறியேன். ஒரு டப்பா ஒரு மாதம் வரவேண்டுமே என்று நீரை விளாவி விளாவிக் கொடுத்தாராம். குழந்தை இருமுறை வயிற்றுப்போக்கால் மருத்துவமனை சென்று மீண்டது. தாய்ப்பால் இருந்தும், டப்பாவில் சிரித்த கொழுகொழு குழந்தையின் படத்தை நம்பி வாங்கியதாக இன்றும் சொல்லி வருந்துவார்.

இந்த ஆபத்தை 1939இலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் கடுமையாக எடுத்துரைத்தார். உலக சுகாதார சபை விற்பனை நெறிமுறை வகுத்தது 1981இல். இந்தியச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்து, தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவில் அச்சிடச் செய்தது 1992இல். எத்தனை தாமதம்!

செய்தவன் வேறு, விற்றவன் வேறு என்று நாம் நழுவிவிடலாம். மேலைநாட்டுப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் 'பொறுப்புள்ள புத்தாக்கம்' என்னும் பயிற்சி அப்படி நழுவ விடுவதில்லை. விளைவை முன்கூட்டி எண்ணு, உன் எண்ணத்தையே ஐயுறு, பயன்படுத்தப் போகிறவரைத் தொடக்கத்திலேயே கேள், கேட்டதற்கேற்ப வேலையை மாற்று என்கின்றது. இவற்றுள் மூன்றாவதே கடினம் என்பது என் கருத்து. மற்றவற்றை நாற்காலியில் அமர்ந்தே செய்துவிடலாம்.

நான் ஆராய்வது கேழ்வரகும் பயறும் சேர்ந்த குழந்தை உணவு. அளவுக் கரண்டி இல்லாத வீட்டில் இதை எப்படிக் கலப்பார்கள் என்று என் திட்டத்தில் ஒரு பக்கம் சேர்த்தேன். படித்த பேராசிரியர், "இதை என்னிடம் ஏன் கேட்கிறாய்? அவர்களிடம் போய்க் கேள்" என்றார். வரும் ஞாயிறு நஞ்சன்கூடு பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போகிறேன். என் கன்னடம் கடைத்தெருவோடு சரி. நன்கு பேசவல்ல சங்க நண்பர் எவரேனும் உடன் வந்தால் பேருதவியாக இருக்கும்.